நூலகத்தில் கண்ட வழிகாட்டி

லூபோக் சீனாவில் வளர்ந்தவன் நான். மலாக்காக் கோட்டை வாசலுக்கு எத்தனை முறை கல்விச் சுற்றுலா போயிருப்பேன் என்பது நினைவில்லை. பேருந்தை விட்டு இறங்குவோம், வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வோம், செண்டோல் குடித்துவிட்டுத் திரும்புவோம். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியருக்கும் என் தாய்மொழிக்கும் உறவு உண்டு என்று, அழைத்துச் சென்ற எவரும் சொன்னதில்லை.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின், நூலகத்தில் கண்ட ஒரு நூல்தான் அதைச் சொன்னது. அந்தாவோ தெ புரோயென்சா என்ற பாதிரியாரின் தமிழ் – போர்த்துகீசிய அகராதி அது. முதலில் அச்சேறியது 1679-இல். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த படியை 1954-இல் கண்டெடுத்து, 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மீண்டும் வெளியிட்டவர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் 1913-இல் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். கொழும்பிலும் உரோமாபுரியிலும் குருத்துவக் கல்வி பயின்றார். அவருடைய இறையியல் ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றியது! ஐரோப்பிய மொழிகள் பல கைவந்த பிறகே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், அங்கிருந்த பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்தார்.

தமிழில் தாமதமாகத் தொடங்கியதும் ஒரு வகையில் நன்மைக்கே என்று எனக்குத் தோன்றுகிறது. சென்ற நாடெல்லாம் தமிழின் தடத்தைத் தேடும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. 1554-இல் லிஸ்பன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றி ஆய்வுலகுக்கு எடுத்துரைத்தார். அந்நூலின் பின்னால் தமிழர் மூவரின் உழைப்பு இருக்கிறது. 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கி, தமிழ் அறியாதவர்க்கும் தமிழைக் கொண்டு சென்றார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்தவர், இலண்டனில் அதே துறையில் முனைவர் பட்டமும் பெற்றார். தாம் கண்ட நாடுகளைப் பற்றி 'ஒன்றே உலகம்' என்ற பயண நூலையும் எழுதினார்.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். அதன் முதல் மாநாட்டை 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலேயே நடத்திக் காட்டினார். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த நம் மாணவர்கள், தமிழை ஆராயும் செக் நாட்டவரையும் பிரெஞ்சுக்காரரையும் தங்கள் மண்ணிலேயே காண முடிந்தது. விமானச் சீட்டு வாங்க வழியற்ற பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கல்விப் பயணம் வேறென்ன வேண்டும்?

1969-இல் அவர் இங்கிருந்து விடைபெற்றார். 1980 செப்டம்பர் முதல் நாள் யாழ்ப்பாணத்தில் மறைந்தார்.

இவ்வாண்டு இளைய மாணவர்களை மலாக்காவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பேருந்தும் மதிய உணவும் ஏற்பாடாகிவிட்டன. அகராதியின் சில பக்கங்களைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். படம் எடுப்பதற்கு முன், கோட்டை வாசலில் அவற்றை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.