சாவடியின் இருளை அவைக்குக் கொணர்ந்தவர்

நுழையும்முன்

அரசு தன் செயல்களுக்குக் குடிகளிடம் கணக்குக் கூறக் கடமைப்பட்டது என்பது இன்று அனைவரும் ஒப்பும் கொள்கை. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு பேசுவதே துணிவுமிக்க செயலாக இருந்தது. இதழையும் விண்ணப்பத்தையும் மட்டுமே கருவிகளாகக் கொண்டு, ஆட்சியாளர் மறைத்துவைத்த கொடுமையொன்றை உலகறியச் செய்த கஜுலு லட்சுமிநரசு செட்டியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உப்பு விளையும் கரை

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் அமைந்துள்ளது மரக்காணம். சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு உப்பு வாரும் தொழில் இங்கே தொன்றுதொட்டு நடைபெற்று வருகிறது. கடலும் வெயிலும் எவருக்கும் உரிமையாக்க இயலாதவை. எனினும், அவை இரண்டும் சேர்ந்து தந்த உப்பு 1805ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியின் தனியுரிமை ஆயிற்று. உப்பு விளைவித்தவர் அதனைக் கொட்டாரம் எனப்பட்ட அரசுக் கிடங்கில் ஒப்படைத்தாக வேண்டும். விலையைக் குறிக்கும் உரிமை விளைவித்தவருக்கு இல்லை.

அக்காலத்தில் மரக்காணம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அளத்தில் உழைத்தவருக்கு உப்புத் தனியுரிமை சுமையானது போலவே, அருகிலுள்ள வயல்களில் உழுதவருக்கு நிலவரி பெருஞ்சுமை ஆயிற்று. இரயத்துவாரி முறையில் அரசே நிலவரியை நேரடியாகத் தண்டியது. வரியைத் தண்டிய தாசில்தாரே காவல் அதிகாரமும் பெற்றிருந்தார். அவருக்கு மேலிருந்த மாவட்ட ஆட்சியர், 1816ஆம் ஆண்டு முதல் நீதித்துறை நடுவராகவும் விளங்கினார். வரி கேட்பவரும், பிடித்து வைப்பவரும், முறையீட்டைக் கேட்பவரும் ஒரே நிருவாகத்தினராக இருந்தமையால் குடிகள் நியாயம் தேடிச் செல்ல வேறிடம் இல்லாமற் போயிற்று.

இளமையும் இதழும்

லட்சுமிநரசு செட்டி 1806ஆம் ஆண்டில் சென்னையில் வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். துணியும் அவுரியும் விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய தந்தையின் தொழிலை ஏற்று நடத்தினார். செல்வரான அவர் ஆட்சியாளருடன் இணங்கி வாழ்ந்திருக்கலாம். அவ்வாறன்றித் தம் செல்வத்தைப் பொதுப்பணிக்குச் செலவிடத் துணிந்தார்.

1844ஆம் ஆண்டில், இதழொன்றை விலைக்கு வாங்கி, அதனைக் ‘கிரசண்ட்’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். குடிகளின் குறைகளை ஆள்வோரின் மொழியிலேயே எடுத்துரைப்பது அதன் நோக்கம். ஆங்கிலேயரான எட்வர்டு ஹார்லி அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். இதழின் தொடக்கத்தை அறிவிக்கும் விளம்பரத்தைத் தன் அரசிதழில் வெளியிட அரசு மறுத்தது. அம்மறுப்பே, எத்தகைய ஆட்சியை எதிர்கொள்ளப் போகிறோம் என்பதை அவருக்கு உணர்த்தியது.

சென்னைவாசிகள் சங்கம்

தனியொருவர் குரல் கோட்டைக்குள் எட்டாது என்பதை உணர்ந்த லட்சுமிநரசு, 1852ஆம் ஆண்டில் நண்பர்களுடன் இணைந்து சென்னைவாசிகள் சங்கத்தைத் தோற்றுவித்தார். தென்னிந்தியாவில் மக்கள் உரிமைக்காக அமைந்த முதல் அரசியல் அமைப்பு இதுவே. கும்பினியின் ஆட்சியுரிமையைப் புதுப்பிப்பது குறித்து இங்கிலாந்து நாடாளுமன்றம் ஆராயவிருந்த காலம் அது. அதனைத் தக்க வாய்ப்பாகக் கருதிய சங்கம், நீண்ட விண்ணப்பமொன்றை இலண்டனுக்கு அனுப்பியது. நிலவரியின் கடுமை, தொழில்வரியின் தொல்லை, நீதிமன்றங்களின் காலத்தாழ்வு, கல்விக்குப் போதிய பொருள் ஒதுக்காமை முதலிய குறைகள் அதில் இடம்பெற்றன. ஆயினும், 1853ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் கும்பினி ஆட்சியைத் தொடரச் செய்தது. சங்கம் ஏமாற்றமடைந்தது; ஆனால் முயற்சியைக் கைவிடவில்லை.

சிறையல்லாத சிறை

வரி செலுத்த இயலாத உழவர் நேரே சிறைக்கு அனுப்பப்படவில்லை. சிறையென்றால் ஆணை வேண்டும், பதிவேடு வேண்டும், காரணம் காட்ட வேண்டும். இவை எவையும் தேவைப்படாத இடம் ஒன்று ஊர்தோறும் இருந்தது. அதுவே சாவடி. வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடவும் அமைந்த அவ்விடம், வரி தண்டும் காலத்தில் சேவகர்களின் கையில் சட்டத்திற்குப் புறம்பான சிறையாக மாறியது.

அங்கே உணவின்றி அடைத்து வைப்பதும், கொளுத்தும் வெயிலில் நிறுத்தி வைப்பதும் வழக்கமாயின. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்த நிலையிலேயே நிற்க வைப்பதை அண்ணாந்தாள் என்றனர். மரச்சட்டங்களுக்கு இடையே விரல்களை வைத்து நெருக்குவதைக் கிட்டி என்றனர். துன்பத்திற்கு அஞ்சி, கடன் வாங்கியேனும் வரியைக் கட்டியவர் பலர்.

இக்கொடுமைகளைச் செய்தவர் பெரும்பாலும் இந்நாட்டவரே என்பதையும் நாம் மறத்தலாகாது. தாசில்தாரின் ஆணையை ஏற்ற ஊர்ப்பணியாளரும் சேவகரும் தம் ஊராரையே துன்புறுத்தினர். மேலே இருந்த ஆங்கில அதிகாரிகளோ, குறித்த நாளில் வரிப்பணம் வந்து சேர்ந்ததை மட்டும் கண்டனர். அது வந்த வழியை வினவவில்லை. எழுத்தில் ஆணை இல்லை. ஏட்டில் பதிவு இல்லை. ஆகவே குற்றமும் நடக்கவில்லை என்று கூறுவது எளிதாயிற்று.

பாதிக்கப்பட்டவர் முறையிடுவதும் அரிதாக இருந்தது. மரக்காணத்து உழவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தாசில்தாரைக் கடந்து மாவட்ட ஆட்சியரிடம் முறையிட அவர் கடலூர் செல்ல வேண்டும். இடையில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிப் பகுதி. சென்னைக்குச் செல்வதெனில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அத்தனை நாளும் வேலை இல்லை, கூலி இல்லை. திரும்பி வந்தால் அதே தாசில்தாரின் கீழ்தான் வாழ்ந்தாக வேண்டும். ஆதலால் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வி

இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினரும் இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவருமான டான்பி சீமோர் 1853ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை வரவேற்று, நாட்டுப்புறத்து உழவரின் துன்பத்தை அவர் நேரில் அறிந்துகொள்ளத் துணைநின்றார். கோட்டையிலிருந்து எழுதப்படும் அறிக்கைகளைக் காட்டிலும் பாதிக்கப்பட்டவரின் சொல்லே வலிய சான்று என்பது அவர் நம்பிக்கை.

1854ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இச்செய்தி நாடாளுமன்றத்தில் விவாதத்திற்கு வந்தது. இந்தியாவில் பணியாற்றியவர்களே, அத்தகைய கொடுமையை ஒருநாளும் கண்டதில்லை என்று மறுத்துரைத்தனர். மறுப்பு எழுந்தமையால் உண்மையை ஆராய வேண்டியதாயிற்று. சென்னை அரசு மூவர் கொண்ட சித்திரவதை ஆணையத்தை அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள்.

ஆணையம் கண்ட உண்மை

பாதிக்கப்பட்டோர் முறையிடலாம் என ஆணையம் அறிவித்ததும், மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து 1,900க்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. நெடுந்தொலைவு நடந்து வந்து நேரில் முறையிட்டவர் நூற்றுக்கணக்கானோர். ஏனையோர் மடல்வழி முறையிட்டனர். கேட்க ஒருவர் உண்டு என்று அறிந்தவுடன், அதுவரை பேசாதிருந்தவர் பேசினர்.

1855ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, வரி தண்டுவதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் சித்திரவதை நடைபெற்றது உண்மையே என்று உறுதி செய்தது. வரி தண்டும் பணியும் காவற்பணியும் ஒருவரிடமே இருப்பது கேட்டிற்கு வழிவகுத்ததையும் சுட்டியது. ஆயினும், ஆங்கில அதிகாரிகளுக்கு இதில் பொறுப்பில்லை என்று கூறி அவர்களை விடுவித்தது. கண்ணை மூடிக்கொண்டவர் குற்றமற்றவர் ஆவரா என்னும் வினாவிற்கு அவ்வறிக்கையில் நிறைவான விடை இல்லை.

எனினும், விளைவு சிறிதன்று. 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவையிலும் இக்கொடுமை விவாதிக்கப்பட்டது. கும்பினியின் ஆட்சியை நீக்கி, நாட்டை அரசியின் நேரடி ஆட்சியில் வைக்குமாறு சங்கம் மக்களிடம் கையொப்பம் பெற்று விண்ணப்பித்தது. 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் வருவாய்த்துறையினின்று காவல்துறையைப் பிரித்தது.

இறுதிக்காலம்

தொடக்கத்தில் அவரை ஐயத்துடன் நோக்கிய அரசு, பின்னாளில் விருதளித்துச் சிறப்பித்தது. 1863ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் அவரை உறுப்பினராகவும் நியமித்தது. ஆனால், இதழுக்கும் பொதுப்பணிக்கும் வாரி வழங்கியதில் அவருடைய செல்வம் கரைந்தது. பெருஞ்செல்வராகப் பிறந்த லட்சுமிநரசு, 1868ஆம் ஆண்டில் வறுமையுற்ற நிலையில் மறைந்தார்.

இன்றும் தேவைப்படும் பணி

கைது செய்யப்பட்ட ஒருவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று நம் அரசமைப்பின் 22ஆம் கூறு விதிக்கிறது. பதிவேட்டில் இடம்பெறாத காவல் கூடாது என்பதே அதன் உட்பொருள். தகவல் பெறும் உரிமைக்கு 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுமைக்குமான சட்டம் 2005ஆம் ஆண்டில் வந்தது. உலகில் சில நாடுகள் சிறைகளை நடத்தும் பணியைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்துள்ளன. அங்கே நடப்பவற்றைக் கேட்டறியும் உரிமை மக்களுக்கு எந்த அளவிற்கு உண்டு என்பது அந்நாடுகளில் பெரும் விவாதமாக உள்ளது.

பூட்டு அரசின் கையிலிருந்தாலும் தனியார் கையிலிருந்தாலும், உள்ளே இருப்பவர் யார், ஏன் இருக்கிறார், எவர் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்தாக வேண்டும். விடை கிடைக்காத இடம் எதுவாயினும் அது பழைய சாவடியே. சட்டம் வழிவகுக்கலாம், வினா எழுப்பக் குடிமக்கள் முன்வந்தால்தான் அது பயன்தரும். லட்சுமிநரசுவின் காலத்தில் அத்தகைய சட்டமும் இல்லை. இருந்தும் அவர் கேட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பழைய சாவடி உள்ளதா? அது முற்காலத்தில் எவ்வெவற்றிற்குப் பயன்பட்டது என்பதை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் உப்பு விளைவிக்கும் முறையையும் தொழிலாளர் வாழ்வையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.

3. சித்திரவதை ஆணையம் ஆங்கில அதிகாரிகளைப் பொறுப்பினின்று விடுவித்தது சரியா? வகுப்பறையில் கலந்துரையாடுக.