வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு

இரசாயனம் பயிலும் நம் மாணவர்கள் ஆஸ்ட்வால்டு என்னும் பெயரை நீர்த்தல் விதியோடு சேர்த்துப் பரீட்சைக்கு மனனம் செய்து, பின்னர் மறந்துவிடுகின்றனர். அப்பெரியார் 1853-ஆம் ஆண்டில், ருஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ரீகா நகரில், பீப்பாய் செய்யும் ஜெர்மானியத் தொழிலாளி ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். தோர்ப்பாத்துச் சர்வகலாசாலையிற் கற்று, 1887-இல் லைப்ஸிக் நகரிற் பேராசிரியராயினார். தான் செலவழியாது பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் கிரியா ஊக்கிகளைப் பற்றிய ஆராய்ச்சி முதலியவற்றிற்காக 1909-இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஆயினும் நாம் இங்கு விரிக்கப் புகுவது பிறிதொன்று. பாதரச ஆக்ஸைடு சிவப்பாகவும் மஞ்சளாகவும் கிடைக்கும். அவை வெவ்வேறு வகைப் பொருள்கள் எனக் கருதியோர் உண்டு. வேற்றுமை துகளின் பருமனைப் பற்றியதே என்றும், நுண்ணிய துகள் பருத்ததினும் எளிதிற் கரையும் என்றும் 1900-இல் ஆஸ்ட்வால்டு விளக்கினார். ஆகவே சிறியது கரைந்து தேய, பெரியது அதனை உண்டு வளரும். இதற்கு ஆஸ்ட்வால்டு முதிர்ச்சி என்பது பெயர்.

வியப்பு யாதெனின், அணுக்கள் உண்டென்பதையே அவர் அக்காலத்து ஒப்பவில்லை. ஆற்றலைக்கொண்டே அனைத்தையும் விளக்கலாம் என வாதித்துவந்தார். தாம்ஸன், பெர்ரின் முதலியோரின் சோதனைகள் சான்று பகரவே, 1909-இல் வெளிவந்த தம் பாடநூற் பதிப்பின் முகவுரையில் அக்கொள்கையை வெளிப்படையாகக் கைவிட்டார். புகழின் உச்சியில் நின்ற ஒருவர் இங்ஙனம் செய்தது நோபெல் பரிசினும் பெரிதென்பது நம் கருத்து. 1932-இல் காலமானார்.

அவர் கண்ட முதிர்ச்சி இன்றும் இரசாயனிகளுக்கு இடர் விளைக்கின்றது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் பெறும் எரிபொருட்கலங்களில், கரித்தூளின்மேற் பதிந்த பிளாட்டினம்-கோபால்ட்டுக் கலப்புத் துகள்கள் ஊக்கியாகின்றன. அவற்றின் அளவு சில நானோமீட்டரே. இருவகை அணுக்களும் ஒழுங்காக அடுக்கப்பெற்றாற் கோபால்ட்டு எளிதிற் கரைந்து வெளியேறாது. அவ்வொழுங்கு உண்டாகப் பெரும்பாலும் 600 பாகை ஸெண்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அச்சூட்டிலோ, சிறு துகளின் மேற்பரப்பில் உறுதியாகப் பற்றப்படாத அணுக்கள் விலகிச் சென்று பெருந்துகளைச் சேர்கின்றன. சில துகள்கள் முழுதுமாய் நகர்ந்து ஒன்றோடொன்று கலந்தும் விடும். இதனையும் ஆஸ்ட்வால்டின் பெயரிற் சுமத்துவது முறையன்று. 3 நானோமீட்டர்த் துகள்கள் 6 நானோமீட்டராய்ப் பருத்தால், அதே நிறையுள்ள உலோகத்தின் மேற்பரப்புப் பாதியாகும். விலையுயர்ந்த பிளாட்டினம் உள்ளே புதைந்து பயனற்றுக் கிடக்கும். ஆதலின், சூடேற்றுமுன் துகள்களுக்குச் சிலிக்காப் போர்வையிட்டு, ஒழுங்கு உண்டானபின் அதனைக் கரைத்து நீக்கும் முறையையும் ஆராய்ச்சியாளர் கையாளுகின்றனர்.