மாருத் ஓட்டிய சுரஞ்சன் தாஸ்

பெங்களூரில் பழைய மதராஸ் ரோட்டையும் பழைய விமான நிலைய ரோட்டையும் இணைக்கும் சாலைக்குச் சுரஞ்சன் தாஸ் ரோடு என்று பெயர். நம் சங்கத்து அன்பர்களில் பலர் அவ்வழியே அன்றாடம் பஸ்ஸில் போய் வருகிறவர்கள். யாரோ ஒரு வங்காளத்துத் தேசபக்தரின் பெயர் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள் என்பதை விசாரித்து அறிந்தேன். வங்காளி என்பது மெய்தான். ஆனால் மேடையேறிப் பேசிய தலைவர் அல்லர். அச்சாலையின் தென்கோடிக்கு அப்பாலுள்ள விமானத் திடலில், அதுவரை எவரும் ஓட்டியிராத விமானங்களை ஓட்டிப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்.

அவர் கதைக்கு முன் ஒரு சிறு விஞ்ஞானம். விடுதியில் மோட்டார்ப் பித்துக் கொண்ட நண்பர்கள் சிலர் உண்டு. ஜப்பானியரின் மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7 என்னும் கார்தான் அவர்களுக்குக் குலதெய்வம். அதன் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்குவதில்லை. முக்கோணச் சுழலிகள் இரண்டு சுற்றுகின்றன. 1,308 கன சென்டிமீட்டரே கொள்ளும் அந்தச் சிறு எஞ்சினுக்கு இரண்டு டர்போ சார்ஜர்களைப் பூட்டி, 1991-இல் 255 குதிரைச் சக்தி எடுத்தார்கள். வீணாய்ப் போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போவின் வேலை. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், சக்தி கூடும். காற்றை அமுக்கும் சக்கரம் ஒன்று, அதைச் சுழற்றும் வாயுச் சக்கரம் ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள எஞ்சினை எடுத்துவிட்டு ஓர் அடுப்பை வைத்தால், அதுவே ஜெட் எஞ்சின். ஆகவே, இருக்கிற எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் சக்தியைப் பிழிந்தெடுப்பது எப்படி என்று நம் நண்பர்கள் இரவெல்லாம் வாதாடுகிறார்களே, அதே கேள்விதான் 1960-களில் இந்நகரத்து விமானத் திடலிலும் எழுந்தது. அங்கே அது பொழுதுபோக்கு அல்ல. நாட்டின் பாதுகாப்பைச் சார்ந்த கேள்வி.

சுரஞ்சன் தாஸ் 1920-இல் பிறந்தார். தந்தை சுதி ரஞ்சன் தாஸ், சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் பயின்ற ஆரம்பகால மாணவர்; 1956 முதல் 1959 வரை இந்தியாவின் பிரதம நீதிபதியாக வீற்றிருந்தவர். சகோதரியின் கணவர் அசோக் குமார் சென், மத்திய சட்ட மந்திரி. இத்தகைய குடும்பத்துப் பிள்ளை கறுப்பு அங்கி தரிப்பதே உலக வழக்கம். இவரோ யுத்த காலத்தில் விமானப் படையில் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்தின் எம்பயர் சோதனை விமானிகள் பள்ளியில் பயின்று, இந்தியாவின் முதல் தலைமுறைச் சோதனை விமானிகளில் ஒருவரானார்.

சோதனை விமானி என்றால் வெறும் துணிச்சல்காரர் என்று சினிமா பார்த்தவர்கள் நினைக்கக்கூடும். என் அபிப்பிராயத்தில் அவர் ஆகாயத்தில் பறக்கும் பரிசோதனைச்சாலை உதவியாளர். குறித்த உயரத்தில், குறித்த வேகத்தில், இயந்திரம் என்ன செய்கிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டு வந்து எஞ்சினீயர்களிடம் சொல்ல வேண்டும். நம் பரிசோதனைச்சாலையில் கருவி கெட்டால் மறுநாள் வந்து சரி செய்யலாம். அங்கே அந்த மறுநாள் நிச்சயமில்லை.

1956-இல் ஜெர்மானிய விமான நிபுணர் குர்ட் டாங்க் தம் சகாக்களுடன் பெங்களூர் வந்து சேர்ந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் போக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் அவர். ஒலியின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானம் ஒன்றை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. வானூர்திக் கலையில் அனுபவம் குறைந்த நாட்டுக்கு அது பேராசை என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். முதலில் மரத்தால் முழு அளவுக் கிளைடர் ஒன்று செய்து, 1959-இல் டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துச் சென்று பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு 1961 ஜூன் 17-ஆம் தேதி, விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் உலோக விமானத்தில் ஏறி அமர்ந்து, அதனை முதன்முதலாக வானில் எழுப்பினார். எச்.எஃப்.-24 என்பது அதன் எண். மாருத் என்பது பெயர். மாருதம் என்று நாம் காற்றுக்குச் சொல்லும் பெயர்தான்.

உடல் வாகு அருமையாக அமைந்துவிட்டது. வந்த வினை எஞ்சினில். மாருத்துக்கென்று எண்ணியிருந்தது பிரிட்டனின் பிரிஸ்டல் கம்பெனி செய்யவிருந்த ஆர்ஃபியஸ் 12. அது 8,170 பவுண்டு உந்துவிசை தர வேண்டியது. அதை முடித்துத் தருவதற்கான செலவை இந்தியா ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள், சர்க்கார் இசையவில்லை. ஆர்ஃபியஸ் எஞ்சின் உருவானது ஸ்டான்லி ஹூக்கர் என்ற கணித நிபுணரின் தலைமையில். யுத்த காலத்தில் மெர்லின் எஞ்சினின் காற்றமுக்கியைத் திருத்தி அதன் குதிரைச் சக்தியை ஏற்றிக் காட்டியவர் அவரே. இருந்தென்ன? மாருத்துக்குக் கிட்டியது 4,850 பவுண்டே தரும் ஆர்ஃபியஸ் 703. அவற்றில் இரண்டைப் பூட்டியும் விமானம் ஒலியின் வேகத்தை எட்டித் தொடுவதே பெரும்பாடாயிற்று. ஜோடி யானை இழுக்க வேண்டிய தேரில் ஜோடி மாடு.

வேறு வழிகளும் தேடினார்கள். ரஷ்ய எஞ்சின் ஒன்றைப் பரிசீலித்தார்கள், ஒத்து வரவில்லை. எகிப்தில் தயாராகிக்கொண்டிருந்த இ-300 எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத் விமானத்தையே அங்கு அனுப்பினார்கள். 1967-இல் பறந்தது, 1969-இல் அந்த ஏற்பாடும் நின்றுபோயிற்று. இதற்கிடையே தாஸ் சும்மா இருக்கவில்லை. 1964 செப்டம்பர் 4-ஆம் தேதி, கிரண் என்னும் பயிற்சி விமானத்தையும் முதன்முதலில் ஓட்டியவர் அவரே. பின்னாளில் விமானப் படையின் எத்தனையோ இளைஞர்கள் ஜெட் ஓட்டப் பழகியது அந்தக் கிரணில்தான்.

எஞ்சியிருந்த வழி, கையில் உள்ள எஞ்சினையே ஊக்குவது. ஜெட் எஞ்சினுக்குள் போகும் காற்றில் பெரும்பங்கு எரியாமலே வெளியேறுகிறது. அதை முழுதும் எரித்தால் சக்கரத்தின் இதழ்கள் உருகிவிடும். ஆனால் சக்கரத்தைத் தாண்டி வந்த பிறகு, வால் குழாயில் மீண்டும் எண்ணெய் தெளித்து எரித்தால் இதழ்களுக்குப் பங்கமில்லை, உந்துவிசையும் ஏறும். ரீஹீட் என்பது இதுதான். பெங்களூரிலுள்ள வாயுச் சுழலி ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்து காட்டியது. 4,850 பவுண்டு 5,720 ஆயிற்று. நூற்றுக்குப் பதினெட்டு லாபம். முன்னனுபவம் இல்லாத நம்மவர்கள் செய்த வேலை என்று எண்ணும்போது எனக்கு இன்றும் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் எஞ்சின் மேடையில் அளந்த சக்தி வேறு, ஆகாயத்தில் கைக்கு வரும் சக்தி வேறு. தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊரில் கிணற்று மோட்டாரை ஐந்து எச்.பி.யிலிருந்து ஏழரைக்கு மாற்றிவிட்டு, பழைய குழாயையே வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏன் கூடவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு. மாருத்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே. ரீஹீட் எரியும்போது வாயு விரிவதால் குழாயின் வாய் அகலமாக வேண்டும். இரட்டைக் குழாய்களும் அகன்றபோது விமானத்தின் பின்புறம் பருத்தது. அங்கே காற்றின் இழுவை கூடியது. முன்னே தள்ளக் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதியைப் பின்னே இழுக்கும் இழுவை தின்றது. இதைக் காகிதத்தில் கணக்கிட்டு முடிவு கட்ட இயலாது. ஒருவர் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

1970 ஜனவரி 10-ஆம் தேதி, ரீஹீட் பொருத்திய மாருத்தில் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் பெங்களூர் ஓடுதளத்திலிருந்து கிளம்பினார். எழும்பும் தறுவாயிலேயே விமானம் விழுந்தது. அவர் உயிர் தப்பவில்லை. அவருக்கு ஐம்பதாம் வயது நடந்துகொண்டிருந்தது. தந்தை அப்போதும் இருந்தார்.

ரீஹீட் எஞ்சின் பூண்ட மாருத் படைக்கு வரவேயில்லை. சக்தி குறைந்த மாருத்களே, இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்களையும் சேர்த்து 147 கட்டப்பட்டன. அவை 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தின்மேல் தாழப் பறந்து தாக்கின. ஓர் எஞ்சின் அடிபட்டு நின்றபின் மற்றொன்றைக் கொண்டே திரும்பி வந்தவையும் உண்டு. டாங்க் வரைந்த உடல் எவ்வளவு உறுதி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1990 வாக்கில் அவை ஓய்வு பெற்றன. எச்.ஏ.எல். காட்சிசாலையில் ஒன்று நிற்கிறது. அன்பர்கள் போனால் அதன் வால் பக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன்.

ரீஹீட் செய்த அதே ஆராய்ச்சி நிலையம், 1980-களின் இறுதியில் காவேரி என்னும் புது எஞ்சினைச் செய்யத் தொடங்கியது. அது தேஜஸ் விமானத்துக்காக. 2001 ஜனவரி 4-ஆம் தேதி, தாஸ் மாருத்தை எழுப்பிய அதே திடலிலிருந்து தேஜஸ் முதன்முதலாக எழும்பியது. அதன் வயிற்றில் இருந்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின்.