தமையனை இழந்த பாடகர்

புறநானூற்றிலே கையறுநிலைத் துறைப் பாடல்களைக் கற்பிக்குங்கால், பாரி இறந்துபட்ட பின் கபிலர் எய்திய துயரத்தை விரித்துரைப்பது என் வழக்கம். நண்பனோடு தாமும் உடன்செல்ல இயலாது எஞ்சி நின்றமை அப்புலவரை எத்துணை வாட்டிற்று என்பதை அப்பாடல்கள் நன்கு காட்டும். சென்ற ஆண்டு இப்பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். தான் உடனிருந்தால் இறந்தவனைக் காத்திருக்கலாமே என்று தன்னைத் தானே நொந்துகொள்பவனுடைய பாட்டுக்குத் துறைப்பெயர் உண்டோ என வினவினான். அவன் தன் தமையனை அவ்வாண்டுதான் இழந்தவன் என்பதை நான் அறிவேன். கபிலரைக் காட்டி ஏதோ ஒரு விடை கூறி அமர்ந்தேன். அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை.

அதன்பின் சில திங்கள் கழித்தே, அமெரிக்க நாட்டுப் பாடகர் ஜோனி காஷ் என்பாருடைய வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. மேனாட்டு இசையில் எனக்குப் பயிற்சி இல்லை. அவருடைய குரலை முதன்முறை கேட்டபோது, இஃது என்ன, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலன்றோ இருக்கிறது என்றே எண்ணினேன். வரலாற்றைப் படித்தபின் மீண்டும் கேட்டேன். அக்குரலின் ஆழம் வேறு வகையாகப் புலப்பட்டது.

ஆர்க்கன்சோ மாநிலத்துக் கிங்ஸ்லாந்து என்னும் ஊரில் 1932 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் நாள் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெருமந்தத்தால் உலகமே தத்தளித்த காலம் அது. நிலமற்ற உழவர்க்கென அரசாங்கம் அமைத்த டயஸ் என்னும் குடியேற்றத்திலே, 1935 இல் அக்குடும்பத்துக்கு 20 ஏக்கர் நிலமும் ஐந்து அறை கொண்ட ஒரு வீடும் கிடைத்தன. வன்னிக் குடியேற்றத் திட்டங்களைக் கண்டவர்களுக்கு அவ்வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. காடு வெட்டிச் சதுப்பைத் திருத்திப் பருத்தி விளைவித்தனர். 1937 சனவரியில் வெள்ளம் புகுந்து அனைவரையும் ஊரைவிட்டுக் கிளப்பியது; அதனையும் பின்னாளிற் பாட்டாக்கினார். சிறுவர் யாவரும் வயலில் இறங்கினர். ஐந்து வயதிலே தண்ணீர் சுமந்து கொடுத்த பிள்ளை, சற்று வளர்ந்ததும் தானே பருத்திச் சாக்கை இழுத்துச் சென்றது. தாயார் பாடுவார், பிள்ளைகளும் உடன் பாடுவர். அன்றைய நாளில் வேலையின் களைப்பைத் தீர்ப்பதற்கே அவர்களுக்குப் பாட்டு உதவியது.

இச்சிறுவனுக்கு இரண்டு வயது மூத்தவன் ஜாக். வலிமையும் பொறுப்பும் வாய்ந்தவன், வேதாகமத்தைக் கைவிடாதவன், போதகனாதல் வேண்டும் என்று உறுதி பூண்டவன். தம்பிக்கு அவனே காவல், அவனே வழிகாட்டி.

1944 ஆம் ஆண்டு மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. பாடசாலைத் தச்சுப் பட்டறையிலே வேலிக் கட்டைகள் அறுத்துக் கொடுத்தால் மூன்று டொலர் கிடைக்கும். வீட்டில் அப்பணம் தேவைப்பட்டது. தம்பியோ தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கப் புறப்பட்டான். அண்ணனையும் உடன் வருமாறு அழைத்தான். ஜாக்குக்கு அன்று வேலைக்குப் போக மனம் இல்லை. தாயாருக்கும் ஏதோ ஒரு கலக்கம். எனினும் அம்மூன்று டொலரை எண்ணி அவன் சென்றுவிட்டான். போகும்போது சித்திரப்படத்து முயலைப் போலக் குரலை மாற்றிப் பேசித் தம்பியைச் சிரிக்க வைக்க முயன்றானாம். அஃது அவன் இயல்பன்று. அந்தப் பொய்க்குரலைத் தம்பி முதுமையிலும் மறக்கவில்லை.

தம்பிக்கும் அன்று மீன்பிடிப்பில் நாட்டம் செல்லவில்லை. வெறுங்கையனாய்த் திரும்பி வரும் வழியிலே, போதகருடைய மோட்டார்க் காரில் தந்தையார் எதிர்ப்பட்டார். தூண்டிலை எறிந்துவிட்டு வண்டியில் ஏறுமாறு பணித்தார். வீட்டை அடைந்ததும், இறைச்சியைப் புகையூட்டி வைக்கும் சிறு கொட்டிலுக்கு மகனை அழைத்துச் சென்றார். பழுப்புநிறக் காகிதப் பை ஒன்றிலிருந்து ஜாக்கின் உடைகளை எடுத்துக் காட்டினார். அவை இரத்தத்தில் தோய்ந்திருந்தன. வட்டவாள் அவனை உள்ளிழுத்து, விலாவிலிருந்து அடிவயிறு வரை கிழித்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த உடைகளைக் காட்டியிருத்தல் வேண்டுமோ என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். தந்தையார்க்கும் அப்போது தன்னறிவு இருந்திராது போலும்.

ஒரு கிழமை வரை ஜாக் உயிரோடு இருந்தான். மே 20 ஆம் நாள், ஓர் ஆற்றையும் அதன் அப்பால் வானோர் பாடுவதையும் தான் கேட்பதாகத் தாயாரிடம் கூறியவண்ணம் உயிர் நீத்தான். அடக்கம் முடிந்த மறுநாளே குடும்பம் முழுவதும் பருத்தி வயலில் நின்றது. தாயார் இரண்டொரு முறை வரிசையிடையே முழந்தாளிட்டு வீழ்ந்தார். மீண்டும் எழுந்து வேலை செய்தார். துக்கம் காக்க நாட்கள் வகுத்த நம் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு அந்த நாட்களும் வாய்க்கவில்லை.

மூத்தவனைப் பறிகொடுத்த பழியைத் தந்தையார் இளையவன்மேல் சுமத்தினார் என்று அக்குடும்பத்தார் பின்னர்ச் சொல்லியிருக்கின்றனர். பிறர் சுமத்தாவிடினும் அப்பிள்ளை தானே சுமந்திருப்பான். அன்று தொட்டு அவன் வாய்பேசாதவனானான். இரவிலே வானொலிப் பெட்டியோடு ஒட்டிக் கிடந்தான். அது வீண்பொழுது என்று தந்தையார் கடிந்தார். இளம்பிள்ளை வாதத்தாற் கைகால் முடங்கிய தோழன் ஒருவன் கித்தார் வாசிப்பான். அவன் வீட்டுக்கு மாலைதோறும் நடந்து சென்று உடன் பாடி, இருட்டிலே தனியே பாடிக்கொண்டு திரும்புவான். பதினேழாவது வயதளவில் குரல் உடைந்து ஆழ்ந்தது. தாயார் ஊரார் துணிகளைத் துவைத்துச் சேர்த்த காசைக் கொண்டு ஓர் ஆசிரியையிடம் இசை பயில விட்டார். அவ்வம்மையார் மூன்று பாடங்களின் பின், இக்குரலை எவரும் திருத்தலாகாது என்று கூறி அனுப்பிவிட்டார். ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மில் எத்தனைபேருக்கு அத்துணிவு உண்டு?

1950 இல் விமானப்படையிற் சேர்ந்து யேர்மனிக்குச் சென்று, வானொலித் தந்திகளை ஒற்றுக்கேட்கும் பணியாற்றியதும், அங்கே மலிவான ஒரு கித்தாரை வாங்கியதும், 1954 இல் மீண்டு மணம் புரிந்து மெம்பிஸ் நகரில் குடியேறியதும், மறுவருடம் அந்நகர் இசைத்தட்டு நிலையத்தார்க்குப் பாடத் தொடங்கியதும் பலரும் அறிந்தவை. 1956 இலேயே நாடறிந்தவரானார். புகழ் வந்தது, அதனோடு போதைமாத்திரையும் வந்தது. முதல் மனைவியையும் நான்கு பெண்மக்களையும் அது பெரிதும் வருத்திற்று. போல்சம் சிறை பற்றிய அவர் பாட்டின் மெட்டும் சொற்களிற் பலவும் கோர்டன் ஜென்கின்சு என்பவருடைய பாட்டிலிருந்து பெறப்பட்டவை. பின்னர் அதற்குப் பணம் செலுத்தித் தீர்த்தார். இக்குறைகளை மறைத்தெழுதுவது வரலாறாகாது.

ஆயினும் 1968 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள் அதே போல்சம் சிறைக்குள் நின்று அவர் பாடியதை எண்ணும்போது, மாணவன் கேட்ட வினா எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே அமர்ந்திருந்தவர் எல்லாரும் குற்றவாளிகள். அவர்களுக்கு அவர் அறிவுரை கூறவில்லை; தாமும் அவர்களுள் ஒருவர் போலவே பாடினார். கைதி ஒருவன் இயற்றிய பாட்டை முதல்நாள் இரவுதான் கேட்டு, அதனையும் அரங்கிற் பாடினார். 1972 இல் சிறைச் சீர்திருத்தம் வேண்டி அமெரிக்க மேற்சபைக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். சிறையிருந்தோர் மீது இத்துணைப் பரிவு இவருக்கு எங்கிருந்து வந்தது என்று பலர் வியந்துள்ளனர். டயஸ் ஊர்ப் புகைக் கொட்டிலிலிருந்து வந்தது என்பதே என் துணிபு.

ஜாக்கின் கல்லறையில், மறுமையிற் சந்திப்போம் என்னும் பொருள்படச் சில சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சொற்களையே தலைப்பாகக் கொண்டு 1996 இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அடக்கத்துக்குப் பின் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. கனவிலே தமையன் அடிக்கடி தோன்றுவான் என்றும், தாம் முதிர முதிர அவனும் முதிர்ந்து, நரைத்த தாடியோடு, எப்போதும் இரண்டு வயது மூத்தவனாகவே வருவான் என்றும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 2003 மே மாதத்தில் இரண்டாம் மனைவியார் ஜூன் மறைந்தார். கண்ணொளி குன்றிய நிலையிலும் அவர் பாடிப் பதிவுசெய்துகொண்டே இருந்து, அவ்வாண்டு செப்தெம்பர் 12 ஆம் நாள் காலமானார்.

இவற்றையெல்லாம் ஒருநாள் பாடம் முடிந்தபின் அம்மாணவனுக்குச் சொன்னேன். துறைப்பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, அவர் பின்னர் எப்போதாயினும் தூண்டில் எடுத்தாரா என்று மட்டும் கேட்டான். எடுத்தார் என்றேன். 1965 இல் தம் மருகரோடு கலிபோர்னியக் காட்டிலே மீன்பிடிக்கச் சென்றதையும், அவருடைய வண்டி தீப்பற்றிப் பலநூறு ஏக்கர் காடு எரிந்ததையும் கூறினேன். அவன் முதன்முறையாகச் சிரித்தான். பிறகு அந்தப் பாட்டுக்களைத் தனக்கும் கேட்கத் தரலாமா என்றான்.