அமர்ந்தே உலகை அசைத்தவர்

உயிரினங்களின் தோற்றம் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றியமைத்த பேரறிஞர் சார்லஸ் டார்வின் ஆவார். இவர் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில், மருத்துவர் ராபர்ட் டார்வினின் மகனாகப் பிறந்தார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் இவர் உலகைச் சுற்றி வந்ததை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அதன்பின் வீட்டில் அமர்ந்தே உழைத்த நாற்பது ஆண்டுகளின் கதையை நம்மில் பலர் அறியோம்.

பயணம் முடிந்த சில ஆண்டுகளிலேயே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. வாந்தியும் தலைவலியும் களைப்பும் வாட்டின. 1842இல் லண்டனை விட்டு டவுன் என்னும் சிற்றூரில் மனைவி எம்மாவுடன் குடியேறினார். நாளொன்றுக்குச் சில மணி நேரமே உழைக்க முடிந்தது. எஞ்சிய வலிமையை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி? அவர் கண்ட வழிகளுள் ஒன்று, இருக்கையையும் மேசையையும் தம் உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டதாகும்.

கப்பலடியிலும் பாறையிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் உயிர்களை மட்டும் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். அறுத்துப் பார்க்கும் பணிக்கென்று அவருடைய படிப்பறைச் சன்னலில் தடித்த பலகை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது சாதாரண மேசையைவிடத் தாழ்ந்தது. நின்றபடி அதில் வேலை செய்ய இயலாது. அதற்கேற்ற தாழ்ந்த ஸ்டூல் ஒன்றும் இருந்தது. அது தந்தையார் வைத்திருந்தது. நடுத்தண்டின்மேல் சுழலும் இருக்கை; அடியில் சக்கரங்கள். எழாமலே, முதுகைத் திருகாமலே இருபுறமும் திரும்பலாம். எழுதும்போது பெரிய நாற்காலியில் அமர்ந்து, அதன் கைகளின்மேல் ஒரு பலகையை வைத்துக்கொள்வார். குனிய வேண்டிய தேவையே இல்லை.

இதிலுள்ள அறிவியல் எளியது. இருக்கை மிக உயர்ந்தால் பாதங்கள் தொங்கும்; தொடையின் அடிப்பகுதி அழுந்தி இரத்த ஓட்டம் தடைப்படும். மிகத் தாழ்ந்தால் முழங்கால்கள் மேலெழும், முதுகு வளையும். பாதம் தரையில் படிந்து, முழங்கால் ஏறத்தாழ 90 பாகையில் மடங்கி, முழங்கை மேசை மட்டத்தில் அமைவதே நன்று.

இன்றைய அலுவலக நாற்காலியின் நெம்புகோலை இழுத்தால், உருளைக்குள் ஒரு வால்வு திறக்கிறது. நாம் சற்று எழுந்தால், அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயு இருக்கையை உயர்த்துகிறது. அமர்ந்தால் நம் எடையால் அது தாழ்கிறது. கையை விட்டதும் வால்வு மூடி, இருக்கை அந்த உயரத்திலேயே நிற்கிறது. இவ்வசதி இல்லாத காலத்தில், தாழ்ந்த பலகையும் தாழ்ந்த ஸ்டூலுமாக அதே பொருத்தத்தை டார்வின் பெற்றார்.

1859இல் உயிரினத் தோற்றம் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. 1881இல்கூட மண்புழுக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1882 ஏப்ரல் 19இல், தம் 73ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவ நண்பர்களே! வலியைப் பொறுத்துக்கொள்வதே உழைப்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். நோயாளியாக வாழ்ந்தும் இத்தனை நூல்களைத் தந்த டார்வின், உடலைக் காப்பதும் உழைப்பின் ஒரு பகுதியே என்று வாழ்ந்து காட்டினார். ஸ்டூல் உயரமாக இருந்தால் காலடியில் ஒரு பலகை இடுவோம்; நாற்காலியில் நெம்புகோல் இருந்தால் அதை நம் உயரத்துக்குத் திருத்திக்கொள்வோம். பிறகு நுண்ணோக்கியில் கண் வைப்போம்.