சின்னமலை: ஒரு பெயர் நிலைத்த வரலாறு

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756ஆம் ஆண்டு பிறந்தவர் தீர்த்தகிரி. அந்நாளில் கொங்கு மண் மைசூர் அரசுக்கு வரி செலுத்தி வந்தது. அவ்வரிப்பணத்தை அவர் வழிமறித்துப் பறித்தார் என்றும், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லுமாறு தண்டல்காரரைப் பணித்தார் என்றும் கொங்கு மக்கள் வழிவழியாகக் கூறுவர். பெற்றோர் இட்ட பெயர் மறைய, தாமே சூடிக்கொண்ட அப்பெயரே நிலைத்தது.

அதே மைசூருக்குத் துணையாக அவர் பின்னாளில் வாளேந்தினார். கும்பினியாரின் படை நெருங்கி வரவே, பழைய பகை சிறிதாயிற்று. கொங்கு இளைஞரைத் திரட்டிக்கொண்டு, பிறந்த மண்ணை நீங்கிச் சீரங்கப்பட்டணம் சென்றார். 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் களத்தில் வீழ்ந்தார். கொங்கு நாடு கும்பினியார் கைக்குப் போயிற்று.

திரும்பி வந்த சின்னமலை அறச்சலூரை அடுத்த ஓடாநிலையில் கோட்டை அமைத்தார். வரி கேட்கவோ படைக்கு அழைக்கவோ மைசூர் அரசு இப்போது இல்லை. இனி அவர் பொருதது தம் மண்ணின் பொருட்டே. 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். அந்த 1804ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரைத் தலைநகராகக் கொண்டு கும்பினியார் மாவட்ட ஆட்சியை ஒன்றாக்கினர். அடுத்த ஆண்டு, 1805 ஜூலை 31ஆம் நாள், சங்ககிரி மலைக்கோட்டையில் சின்னமலையும் அவர்தம் உடன்பிறந்தாரும் தூக்கிலிடப்பட்டனர்.

கும்பினியார் தம் ஏடுகளில் இந்நிலத்துக்குக் கோயம்புத்தூர் மாவட்டம் எனப் பெயர் எழுதினர். மக்களோ கொங்கு நாடு என்றே வழங்கினர். ஆடிப் பதினெட்டில் இன்றும் அவரை நினைந்து கூடுவோருள், தீர்த்தகிரி என்னும் பெயரை அறிந்தோர் சிலரே. சின்னமலையை அறியாதார் இலர்.