சர்க்கரையின் ஊர்தியைக் கண்டவர்

1906இல் பாரிசில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்த லூயிஸ் லெலோயிர் மருத்துவம் பயின்றவர். நோயின் வேரறியாமல் மருந்தளிப்பது அவருக்கு நிறைவு தரவில்லை. எனவே, பெர்னார்டோ உசாயின் ஆய்வுக்கூடத்தை நாடினார். மக்களாட்சி கோரும் அறிக்கையில் ஒப்பமிட்டதற்காக 1943இல் இராணுவ அரசு உசாயைப் பதவிநீக்கியது. லெலோயிர் அமெரிக்கா சென்றார். ஆயினும், அங்கேயே தங்கிவிடவில்லை.

1947இல் புவனோஸ் அயர்ஸ் நகரின் சிறுவீடொன்றில் அவர்தம் குழு ஆய்வைத் தொடங்கியது. கருவிப் பற்றாக்குறை அவருக்குப் புதிதன்று. முன்னர், வாகனச் சக்கரத்தின் இரப்பர்க் குழாயில் பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிச் சுழற்பொறியைக் குளிர்வித்தவரல்லவா!

பாற்சர்க்கரையிலிருந்து பிறக்கும் கேலக்டோஸ் உடலில் எவ்வாறு குளுக்கோசாகிறது என ஆராய்ந்தார். யூரிடின் சேர்ந்த ஒரு மூலக்கூற்றோடு பிணைந்தே அது மாறுகிறது எனக் கண்டார். இத்தகைய ஊர்திகளில் ஏறியே சர்க்கரைகள் புரதங்களையும் அடைகின்றன. புரதத்தின்மேல் கிளைக்கும் அச்சர்க்கரைகள், உயிரணுக்கள் ஒன்றையொன்று அறியவும் புறத்தே இருந்து வரும் செய்தியை ஏற்கவும் துணைபுரிகின்றன. இவ்விணைப்பில் பிறவிப்பிழை நேர்ந்தால் மூளை, கல்லீரல் எனப் பல உறுப்புகள் நலிகின்றன. கேலக்டோசை மாற்றும் நொதி இல்லாத குழந்தைக்கோ தாய்ப்பாலே நஞ்சு. காலத்தே கண்டு பாலை நிறுத்தினால் உயிர் பிழைக்கும்.

1970இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. புரதத்திற்குச் சர்க்கரையைச் சேர்ப்பிக்கும் டோலிக்கால் என்னும் கொழுப்புப்பொருளைப் பற்றிய ஆய்வையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். முதுமையிலும் ஆய்வைக் கைவிடாத லெலோயிர் 1987இல் மறைந்தார்.